கோலம் என்றால் குளம்

நவமணி அக்காவுக்கு வந்த கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். செப்டம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை, ஈப்போவில் ஒரு மண்டபத்துக்கு வந்து குடியுரிமைச் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மலாயில் போட்டிருந்தது. அக்கா மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை. "போதும்க்கா, நான் திரும்பத் திரும்ப வாசிச்சா தேதி முன்னால வந்துருமா?" என்றேன். அதற்குத் திட்டு வாங்கினேன்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பீடோர் பக்கம் ஒரு கித்தா தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, லயத்தில் பிறந்தவர். பிறப்பு பதிவாகாமலே போனது. பத்துமலை என்ற அவர் அப்பா பதியப் புறப்பட்டவர் வழியில் கள்ளுக்கடையில் நின்றுவிட்டார் என்று அக்கா சொல்வார். அன்றைக்கு அலுவலகம் மூடியிருந்தது என்று அக்காவின் அம்மா சொல்வாராம். எது உண்மையோ, அக்காவின் கையில் சிவப்பு ஐசி, அடையாள அட்டை. இந்த ஊரில் தங்கலாம், வேலை செய்யலாம், ஆனால் நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று அர்த்தம். இந்த நாட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகாத பெண்ணுக்கு அப்படி ஓர் அட்டை. பிறந்த உடனேயே நீல ஐசிக்கு உரியவளாகிவிட்ட எனக்கு அதை நினைத்தாலே எரிச்சல் வரும்.

நாங்கள் இருவரும் தேனப்பன் முதலாளியின் புடவைக் கடையில் வேலை. நான் கவுண்டர். அக்கா புடவைக்கு ஓரம் அடிப்பார், காலையில் வாசலில் கோலமும் போடுவார். போன வருஷம் குடியுரிமை நேர்காணலுக்குப் படித்தபோது தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கொடியைப் பற்றி ஒப்பிப்பார்.

"கோடு பதினாலு. பதிமூணு மாநிலம், ஒண்ணு மத்திய அரசாங்கம். மஞ்சள்னா ராஜா. நீலம்னா ஒத்துமை. வெள்ளைன்னா சுத்தம். செவப்புன்னா தைரியம்."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். "செவப்பத்தான் இத்தன வருஷமா பையில வச்சிருக்கேன். தைரியம் மட்டும் வரல லா."

கடிதம் வந்தது ஆகஸ்டில். மெர்டேக்கா என்ற சுதந்திர தினத்துக்கு முதல் நாள் காலை நான் காரை நிறுத்திவிட்டு வரும்போது கடை வாசலில் ஐந்தடி நடைபாதை முழுக்கக் கொடி கிடந்தது. சாயம் ஏற்றிய அரிசியால் போட்ட கோலம். வீட்டிலேயே அரிசியைப் பிரித்துச் சாயம் போட்டு உலர்த்தியிருக்கிறார். நீலத்துக்குத் துணிக்குப் போடும் சொட்டு நீலம். பிறைக்கும் நட்சத்திரத்துக்கும் மஞ்சள்தூள். வெள்ளைக்கு வெறும் அரிசி. நான்கு மூலையிலும் ஐந்து இதழோடு ஒவ்வொரு செம்பருத்தி. நட்சத்திரத்துக்குப் பதினான்கு முனை. சாக்பீஸில் நூலைக் கட்டி வட்டம் இழுத்து, முனை முனையாக வைத்திருக்கிறார். யாரும் போடச் சொல்லவில்லை. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்தால் அந்தக் கொடியை அவர்தான் கண்டுபிடித்தார் என்று நினைக்கத் தோன்றும்.

"நல்லாருக்கா?" என்றார்.

"சுமாரா இருக்கு," என்றேன். கண்ணில் நீர் முட்டியதை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

முதலாளி வந்தார். வாயெல்லாம் பல். நாலைந்து படம் எடுத்து, "இனிய மெர்டேக்கா வாழ்த்துகள்" என்று கடையின் பேஸ்புக் பக்கத்தில் ஏற்றினார். அதில் ஒரு படத்தில், ஓரமாக, உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரின் செருப்புக் கால் விழுந்திருந்தது. குதிகால் சிவப்புக் கோட்டின் மேல் இருந்தது. எங்கள் மூவரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கோலம் என்றால் கால் படத்தான் செய்யும். சாயந்தரத்துக்குள் கலைந்துவிடும், காலையில் புதிதாகப் போடுவோம். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் கைப்பேசி ஓயாமல் அதிர்ந்தது. அந்தச் செருப்புப் படத்தை மட்டும் யாரோ தனியாக எடுத்துப் போட்டிருந்தார்கள். நாட்டுக் கொடியைத் தரையில் போட்டு மிதிக்கிறார்கள் என்று மேலே எழுதியிருந்தது. கீழே நூற்றுக்கணக்கில் திட்டு. கடையின் பெயரைப் போட்டு, முகவரியைப் போட்டு, பிடிக்காவிட்டால் உங்கள் ஊருக்குக் கப்பல் ஏறுங்கள் என்றெல்லாம். எங்களுக்காகப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. சாப்பிடுங்க."

அதற்குள் முதலாளி அலுவலறையிலிருந்து ஓடி வந்தார். அவர் தாத்தா காலத்துக் கடை அது. பெயர்ப்பலகையில் இருப்பதும் தாத்தாவின் பெயர்தான். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"அந்தக் கோலத்த அழிச்சிருங்க. ஒடனே."

நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா பின்னால் வந்து என் கையைப் பிடித்தார். எதிர்ப்பக்கம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து கைப்பேசியை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். கொடியை விளக்குமாற்றால் கூட்டுகிறார்கள் என்று அடுத்த படம் வரும். தண்ணீர் ஊற்றினால் கொடி சாக்கடைக்குப் போகும். காலால் கலைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. தினமும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை அது. அன்றைக்கு எப்படிச் செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அக்கா உள்ளே போய்ப் பூசைத் தாம்பாளத்தையும் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களையும் கொண்டு வந்தார். முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல நெலாவ எடு," என்றார்.

கையால் அள்ளினோம். மஞ்சள், பிறகு நீலம், பிறகு ஒவ்வொரு கோடாக. நிறம் கலக்காமல் தனித்தனி டப்பாவில். தரை இடுக்கில் சிக்கிய அரிசியை அக்கா விரல் நகத்தால் எடுத்தார். மோட்டார் சைக்கிள்காரர்கள் முழுதும் படம் பிடித்தார்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் கொடி என்று போடுவார்களோ என்று எனக்குப் பயம். அப்போதுதான் அக்காவிடம் பேஸ்புக்கில் வந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. உதடு மட்டும் என்னவோ முணுமுணுத்தது. அரிசியை அள்ளிக்கொண்டே கேட்டார்.

"அந்த வியாழக்கெழம மண்டபத்துல என்னைக் கூப்புடுவாங்களா, துளசி?"

நான் நீல அரிசி டப்பாவை மூடினேன்.

சாயந்தரம் போலீஸ் நிலையமான பாலாயிலிருந்து அழைப்பு வந்தது. கடைக்காரரும் கோலம் போட்டவரும் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். முதலாளி தொண்டையைக் கனைத்தார்.

"நவமணி, நீயாத்தான் போட்டேன்னு சொல்லிரு. நான் போடச் சொல்லலைல. அதானே உண்மை?"

"படத்த ஏத்துனது யாரு முதலாளி?" என்றேன்.

"துளசி, நீ சும்மா இரு. மூணு தலைமுறையா இங்க கடை வச்சிருக்கோம். இப்படி ஒரு பேரு வந்ததில்ல." அவர் குரல் நடுங்கியது. கையில் நீல ஐசி இருக்கிறவருக்கே இந்த நடுக்கம் என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல. இருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

முதலாளி தன் காரில் முன்னால் போனார். அக்காவை என் மைவி காரில் ஏற்றிக்கொண்டேன். சிக்னலில் நின்றபோது முடிவு செய்தேன்.

"அக்கா, நான் போட்டேன்னு சொல்லப் போறேன். என்னை என்ன செஞ்சிருவாங்க? திட்டி அனுப்புவாங்க. உங்களுக்குத்தான் கடுதாசி கையில இருக்கு. நீங்க வாயத் தொறக்காதீங்க."

அக்கா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். மடியில் கைப்பை. அதன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பாலாயில் ஒரு சார்ஜன். நடு வயது, களைத்த முகம். பக்கத்தில் கணினி முன்னால் ஒரு இளம் கான்ஸ்டபிள். யார் போட்டது என்று சார்ஜன் மலாயில் கேட்டார். "நான்தான் துவான்," என்றேன் மரியாதையாக. சாயம் எங்கே வாங்கியது என்றார். கடையில் என்றேன். நட்சத்திரத்தை எப்படிப் போட்டீர்கள் என்றார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டிருப்பார். என் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ரூலர் வச்சு."

அக்கா மூக்கால் ஒரு சத்தம் போட்டார்.

"ரூலராம்," என்றார் தமிழில். அப்புறம் சார்ஜன் பக்கம் திரும்பி, தோட்டத்து மலாயில், "துவான், இவ இல்ல. இவளுக்கு நேரா ஒரு கோடு இழுக்க வராது. நான்தான் போட்டேன். எல்லாம் நான்தான்."

அக்காவைக் காப்பாற்ற நான் என் தலையைக் கொடுக்கிறேன், அக்காவோ என்னிடமிருந்து தன் கோலத்தைக் காப்பாற்றுகிறார். அந்த இடத்திலேயே அவரை ஒரு உலுக்கு உலுக்கியிருப்பேன். பொய் சொன்னதற்குச் சார்ஜன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். கான்ஸ்டபிள் எழுதியதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

"மாக்சிக்," என்று அத்தை முறை வைத்து அழைத்தார் சார்ஜன். "கொடியை என்ன செய்தீர்கள்? உங்கள் வாயால் சொல்லுங்கள்."

"கொடிய கோலத்துல வச்சேன், துவான்."

கான்ஸ்டபிள் தட்டுவதை நிறுத்தினார். "எந்தக் கோலாம்?"

"கடைக்கு முன்னால உள்ள கோலம்."

"கடைக்கு முன்னால் கோலாம் இருக்கிறதா? எவ்வளவு ஆழம்?"

மலாயில் கோலாம் என்றால் குளம். அக்கா கொடியைக் குளத்தில் போட்டுவிட்டார் என்று அந்தப் பையன் எழுதிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தீபாவளிக்குப் பேரங்காடியில் அரிசியால் போடுவார்களே, அந்தக் கோலம் என்று நான் விளக்கினேன். சார்ஜனுக்கு அது தெரிந்திருந்தது. கான்ஸ்டபிள் குளத்தை அழித்தார்.

"ஐசி," என்றார் சார்ஜன்.

அக்கா கைப்பையைத் திறந்து எடுத்து வைத்தார். மேசையின் மேல் அந்தச் சிவப்பு அட்டை கிடந்தது. சார்ஜன் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த முதலாளியை நான் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"தரையில் ஏன் போட்டீர்கள்? சுவரில் மாட்டியிருக்கலாமே," என்றார் சார்ஜன்.

அக்காவுக்கு மலாய்ச் சொற்கள் வர நேரமானது. "துவான், எங்க வீட்டுக்கு நல்லது எது வந்தாலும் வாசல் வழியாத்தான் வரும். அது வரணும்னு காலையில எந்திரிச்சு, குளிச்சு, குனிஞ்சு தரையில போடுவோம். சாமிக்கும் அப்படித்தான் போடுறோம். எனக்கு வேற மாதிரி மரியாத தெரியாது." அட்டையை ஒரு விரலால் தொட்டார். "எனக்குச் சத்தியப் பிரமாணக் கடுதாசி வந்திருக்கு. சந்தோசத்துல போட்டேன். இதனால அது நின்னு போயிருமா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். சார்ஜன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அது என் கையில் இல்லை, மாக்சிக். நான் வாக்குமூலத்தை மேலே அனுப்புவேன். கூப்பிட்டால் வாருங்கள். இனிமேல் கொடியைத் தரையில் போடாதீர்கள்."

அப்போதுதான் முதலாளிக்கு வாய் திறந்தது. "துவான், படத்த ஏத்துனது நான். அதையும் எழுதிக்குங்க." தாமதம்தான். இருந்தாலும் சொன்னாரே.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினோம் என்று கேட்காதீர்கள். கடையில் தொலைபேசி அடித்தால் அக்காவின் இயந்திரம் நிற்கும். யாரோ கடன் அட்டை விற்கக் கூப்பிடுவார்கள், மறுபடி ஓடும். முதலாளி பெயர்ப்பலகைக்கு மேல் பெரிய துணிக் கொடி ஒன்றைக் கட்டினார். காற்றில் அது சுருண்டுவிட்டதா, முடிச்சு அவிழ்ந்து தலைகீழாகத் தொங்குகிறதா என்று பார்க்க அக்கா வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் அண்ணாந்து நிற்பார். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கண் வெளியே போகும். வாசலில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கேட்டால், "எதுக்குடி வம்பு" என்பார். அரிசி டப்பாக்கள் என் கார் பின்பெட்டியில் கிடந்தன. வழக்கமாகப் புறாவுக்குப் போட்டுவிடுவோம். கொடி அரிசியைப் புறா கொத்தலாமா என்று அக்கா கேட்டார். வளைவில் திரும்பும்போதெல்லாம் அது பின்னால் சரசரவென்று உருளும்.

பாலாயிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மண்டபத்துக்கு வரவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை குனோங் ராபாட்டில் அக்காவின் வீட்டுக்குப் போனபோது அவர் விடிவதற்கு முன்பே புடவை கட்டி வாசலில் நின்றிருந்தார். மண்டபத்தில் உறவினர்களுக்குக் கடைசி வரிசை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். எந்த முறைப்படி என்று புரியவில்லை. சீனக் கிழவர் ஒருவர் சக்கர நாற்காலியில் போனார். ஒரு மாணவி போனாள். முன் வரிசையில் அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அது நிமிர்ந்து, பிறகு தளர்ந்தது. பாதிக்கு மேல் ஆகிவிட்டது. மீதி இருந்தவர்களை எண்ண ஆரம்பித்தேன்.

"நவமணி அனாக் பெரெம்புவான் பத்துமலை."

பத்துமலை மகள் நவமணி. அக்கா எழுந்து நின்றார், எழுந்ததை நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். போங்க, போங்க என்று கையைக் காட்டினேன். பிறகு எல்லோரும் சேர்ந்து சத்தியம் சொன்னார்கள். அக்காவின் குரலை மட்டும் என்னால் பிரித்துக் கேட்க முடிந்தது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். அதற்காக வெட்கப்படவில்லை.

வெளியே வரும்போது ஆளுக்கொரு சிறிய கைக்கொடி கொடுத்தார்கள். அக்கா அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். காரில் உட்கார்ந்தும் கையை இறக்கவில்லை.

"பின் சீட்டுல வைங்கக்கா."

"உக்கார்ற எடம்டி."

"அப்ப மடியில."

"வழுக்கிக் கீழ விழுந்தா?"

கைப்பையில் வைக்கலாமே என்றேன். மடிந்துவிடும் என்றார். பீடோரில் தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டியிருந்தார், இன்றைக்கே போக வேண்டும். வழி நெடுக, முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, கொடியைக் கண் மட்டத்துக்கு மேலேயே பிடித்திருந்தார். காரின் ஏசிக் காற்றில் அது படபடத்ததால் ஏசியையும் நிறுத்தச் சொன்னார். வேர்த்து வழிந்துகொண்டே போனோம். தாப்பா தாண்டும்போது அவர் தோள் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. "கொடுங்கக்கா, கொஞ்ச நேரம் காரை நிறுத்திட்டு நான் புடிக்கிறேன்," என்றேன்.

"இல்லடி. இது எனக்குக் குடுத்தது."

இப்போது தோட்டத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயில் மட்டும் இருக்கிறது, பக்கத்தில் செம்பருத்தி வேலி. பூசாரியிடம் அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் சந்தோஷப்பட்டுத் தாம்பாளத்தை நீட்டினார்.

"கொடியக் குடுங்கக்கா. அம்மா காலடியில வச்சு எடுத்துத் தாரேன்."

அதுதான் எங்கள் வழக்கம். புதுக் கார் சாவி, பரீட்சைக்கான பேனா, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அம்மன் காலடியில் வைத்துத்தான் எடுப்போம். என் மைவி சாவியும் அங்கே கிடந்து வந்ததுதான். அக்காவின் கை கொடியோடு தாம்பாளம்வரை நீண்டது. அங்கேயே நின்றது. அக்கா கல்தரையைப் பார்த்தார், அம்மனின் பாதத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக் கோயில் வாசலைப் பார்த்தார். செம்பனையைத் தவிர அங்கே யாரும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் மோட்டார் சைக்கிள் எதுவும் நிற்கவில்லை.

"துளசி, இங்க வச்சா தப்பா?"

தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு வாசலில் அந்தக் கோலத்தைப் பார்த்தபோதும் எனக்கு அது தப்பாகப் படவில்லை. அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

பூசாரி மணியை அடித்து, கற்பூரம் காட்டி, தட்டைக் கொண்டு வந்தார். அக்கா ஒற்றைக் கையால் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொரு கை கொடியோடு மேலேயே இருந்தது.